கட்டிலோரம் உட்காரக் கற்றுக்கொள்வோருக்கு

பூசை முடிகிற நேரத்தில் பங்குச்சாமியார் அறிவிப்பு வாசிக்கிறார். நோயாளர் சந்திப்புப் பணிக்கு ஆட்கள் தேவை, விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்கிறார். நீங்கள் கொடுத்துவிட்டீர்கள். வரும் சனிக்கிழமை முதல் வீடு. போய் என்ன பேசுவது, எவ்வளவு நேரம் இருப்பது, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று ஒன்றும் பிடிபடவில்லை. அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பங்கில் பல வருடமாக இந்த வேலையைச் செய்து வருகிறேன். முதல் முறை போன வீடு இன்னும் கண் முன்னால் நிற்கிறது. பக்கவாதத்தில் படுத்திருந்த ஒரு பெரியவர். நான் ஜெபமாலை முழுவதும் சொல்லி, இரண்டு பாட்டுப் பாடி, நற்செய்தி வாசித்து, அதற்கு விளக்கமும் சொன்னேன். முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. அவர் கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார். பக்தியில் உருகுகிறார் என்று நினைத்தேன். வாசல் வரை வந்த மகள்தான் மெதுவாகச் சொன்னார்: “அப்பாவுக்கு ஒண்ணுக்குப் போகணும்னு இருந்துச்சு. உங்க முன்னால சொல்லக் கூச்சப்பட்டுட்டாங்க.”

அன்றைக்குப் புரிந்ததுதான் இந்த வழிகாட்டி முழுவதற்கும் அடிப்படை. “உங்க வேதனையை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுங்க” என்று நோயாளியிடம் சொல்லப் போகிறவர், தன் நேரத்தையும் தன் பேச்சையும் தன் அவசரத்தையும் முதலில் ஒப்புக்கொடுத்துவிட்டுப் போக வேண்டும். வரிசை மாறினால் எல்லாம் கெட்டுவிடும்.

தனியாகப் போகாதீர்கள்

முதல் வேலை, பங்குத்தந்தையிடமோ உங்கள் அன்பியத்தின் (பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்த பங்கின் சிறு குழு) பொறுப்பாளரிடமோ பேசுவது. யார் யார் படுக்கையில் இருக்கிறார்கள், யாருக்கு நற்கருணை (பூசையில் ஆண்டவரின் உடலாகப் பெறும் அப்பம், நன்மை என்றும் சொல்வோம்) வேண்டும், எந்த வீட்டில் பார்வையாளர்கள் வருவது பிடிக்காது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். நோயாளியின் பெயர் கேட்டு நேராகக் கதவைத் தட்டிவிடக் கூடாது.

இரண்டு பேராகப் போங்கள். 1921-இல் டப்ளினில் தொடங்கிய மரியாயின் சேனை என்ற பக்தி இயக்கத்தில் இது ஆரம்பத்திலிருந்தே ஒழுங்கு. இருவர் போனால் ஒருவர் நோயாளியோடு இருக்க, இன்னொருவர் அடுக்களைப் பக்கம் நின்று வீட்டாரோடு பேசலாம். ஒரு வீட்டின் உண்மையான நிலவரம் பெரும்பாலும் அடுக்களையில்தான் வெளிப்படும். பெண் நோயாளி என்றால் குழுவில் ஒரு பெண் கட்டாயம் வேண்டும். நோயாளி சிறு பிள்ளை என்றால் பெற்றோர் அறையில் இல்லாமல் உட்காராதீர்கள். பணம் கொடுப்பதாக இருந்தால் உங்கள் கையால் கொடுக்க வேண்டாம். வின்சென்ட் தே பவுல் சபை 1833-இல் பாரிசில் தொடங்கியதே ஏழைகளை வீடு தேடிப் போய்ப் பார்ப்பதற்காகத்தான். உங்கள் பங்கில் அந்தச் சபை இருந்தால் அவர்களிடம் சொல்லுங்கள், முறையாகச் செய்வார்கள்.

வீட்டை விட்டுக் கிளம்பும் முன்

போன் செய்து நேரம் கேளுங்கள். குளிப்பாட்டும் நேரம், டயப்பர் மாற்றும் நேரம், மருந்து கொடுத்ததும் அசந்து தூங்கும் நேரம் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. பொதுவாகக் காலை பத்து மணிக்கு மேல், மதியச் சாப்பாட்டுக்கு முன் நல்லது.

உங்களுக்குச் சளியோ காய்ச்சலோ இருந்தால் அன்றைக்குப் போகாதீர்கள். கீமோதெரபி எடுத்துக்கொண்டிருப்பவருக்கு நம் சாதாரண இருமலே பெரிய ஆபத்தாகிவிடும். அதேபோல வாசனை எண்ணெய், சென்ட், தலை நிறைய மல்லிகை எல்லாம் அன்றைக்கு வேண்டாம். நமக்கு மணமாக இருப்பது அவர்களுக்குக் குமட்டலைக் கொண்டுவரும். உள்ளே நுழைந்ததும் சோப்புப் போட்டு இருபது விநாடி கை கழுவுங்கள், வெளியே வந்ததும் மறுபடி கழுவுங்கள்.

வெறுங்கையோடு போகக் கூச்சமாக இருக்கும். ஆனாலும் கேட்காமல் எதையும் வாங்கிப் போகாதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு, அதுவும் டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு, இளநீரும் வாழைப்பழமும் ஆகாது. அவற்றில் பொட்டாசியம் அதிகம். அதைச் சிறுநீரகம் வெளியேற்றாவிட்டால் இதயத் துடிப்பே தடம்புரளும். நோயாளி வீட்டுக்கு இளநீர் கொண்டுபோவது நம் ஊரில் எவ்வளவு இயல்பான அன்பு! அந்த அன்பே ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும். என்ன வாங்கி வரலாம் என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். பல வீடுகளில் பழத்தைவிட டயப்பர் பாக்கெட்டுக்குத்தான் தேவை இருக்கும்.

பிறகு ஐந்து நிமிடம் கோயிலில் உட்காருங்கள். இதைத் தவிர்க்காதீர்கள். காலை ஒப்புக்கொடுத்தல் செபம் பலருக்கும் தெரிந்திருக்கும். அந்தப் பழக்கம் உலகம் முழுவதும் பரவக் காரணமாக இருந்தது 1844-இல் பிரான்சின் வல்ஸ் என்ற ஊரில் இருந்த இயேசு சபை மாணவர்கள். தூர தேசங்களுக்கு மறைபணிக்குப் போகத் துடித்துக்கொண்டிருந்த அவர்களிடம், இப்போது செய்கிற படிப்பையும் வேலையையும் சிரமத்தையும் அப்படியே ஆண்டவருக்கு ஒப்புக்கொடுங்கள், அதுவே மறைபணிதான் என்று அவர்களுடைய ஆன்ம குரு கோத்ரெலே அடிகளார் சொன்னார். செப அப்போஸ்தலர் சபை அப்படித்தான் பிறந்தது. நான் கிளம்பும் முன் சொல்வது சின்ன செபம். “ஆண்டவரே, இந்த ஒரு மணி நேரம் உம்முடையது. என் வாயை அடக்கும். என் கையைப் பயன்படுத்தும். நான் பார்க்கப் போகிற முகத்தில் உம்மைக் காட்டும்.” உங்களுக்கு வருகிற சொற்களில் நீங்கள் சொல்லிக்கொள்ளலாம்.

உள்ளே போனதும்

செருப்பைக் கழற்றி, நோயாளியின் பெயரும் முறையும் சொல்லிக் கூப்பிடுங்கள். அம்மா, ஐயா, பாட்டி, அண்ணன், எது பொருந்துமோ அது. நம் பெயரையும் சொல்ல வேண்டும். அவர்களுக்கு மறதி இருக்கலாம். “என்னை யாருன்னு தெரியுதா?” என்று பரீட்சை வைக்காதீர்கள். தெரியவில்லை என்றால் அவமானமாகிவிடும்.

கட்டில் விளிம்பில் உட்காராதீர்கள். மெத்தை அசைந்தாலே சிலருக்கு உயிர் போகிற வலி. ஸ்டூலையோ நாற்காலியையோ இழுத்துப் போட்டு, உங்கள் கண் அவர்கள் கண்ணுக்கு நேராக இருக்கும்படி உட்காருங்கள். நின்றுகொண்டே பேசினால், படுத்திருப்பவருக்கு நம் மூக்குத் துவாரமும் மோவாயும்தான் தெரியும். ஒருநாள் படுத்துக்கொண்டு பாருங்கள், புரியும்.

“ஏதாவது வேணுமா? பாத்ரூம் போகணுமா? தண்ணி வேணுமா?” இதை வீட்டார் முன்னிலையில் முதலிலேயே கேட்டுவிடுவேன். அந்த முதல் வீட்டுக்குப் பிறகு ஒருமுறையும் தவறியதில்லை.

அப்புறம் பேச்சு. அதிகம் அவர்கள் பேசட்டும். பேசாவிட்டால் சும்மா இருங்கள். யோபுவின் நண்பர்களை நாம் குறை சொல்வதுண்டு. ஆனால் அவர்கள் ஒன்றைச் சரியாகச் செய்தார்கள். அவருடைய துயரம் மிகக் கொடியது என்று கண்டு, ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் அவரோடு உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் தவறு தொடங்கியது.

சில வாக்கியங்களை அடியோடு விட்டுவிடுங்கள். “கடவுள் சோதிக்கிறார்.” “ஆண்டவருக்குப் பிடிச்சவங்களுக்குத்தான் சிலுவை கொடுப்பார்.” “விசுவாசம் இருந்தா எழுந்து நடந்துடலாம்.” “ஏதோ பாவம் இருக்கும், நல்ல பாவசங்கீர்த்தனம் பண்ணுங்க.” கடைசி வாக்கியத்துக்கு ஆண்டவரே பதில் சொல்லியிருக்கிறார். பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டி, இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்றார். யோவான் நற்செய்தி ஒன்பதாம் அதிகாரம். உங்கள் சித்திக்கும் இதே வியாதி வந்து இறந்துபோன கதையும் அந்த அறைக்குள் வர வேண்டாம். “ரொம்பக் கஷ்டமா இருக்கும் இல்ல?” என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தாலே போதும்.

இருபது நிமிடம் போதுமானது. களைப்பாகத் தெரிந்தால் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுங்கள்.

செபம் எப்போது, எவ்வளவு

“செபம் பண்ணலாமா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் சரி என்று விடுங்கள், முகம் மாறக் கூடாது. ஆண்டவர் மேல் கோபமாக இருக்கிற நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கும் உரிமை உண்டு. திருப்பாடல்களில் எத்தனையோ முறையீடுதானே.

சரி என்றால் சுருக்கமாக. ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள் நிறைந்த மந்திரம், ஒரு திரித்துவப் புகழ். பெரியவர்களுக்குச் சின்ன வயதில் மனப்பாடம் செய்த பழைய தமிழ் வார்த்தைகள்தான் வாயில் வரும். அவர்கள் “சர்வேசுரன்” என்று சொன்னால் நீங்களும் அப்படியே சொல்லுங்கள், திருத்தாதீர்கள். ஞாபகம் முழுவதும் போன ஒரு பாட்டி, நான் மாதா பிரார்த்தனையில் “வியாதிக்காரருக்கு ஆரோக்கியமே” என்றதும், யாரும் எதிர்பாராமல் “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று கணீரென்று சொன்னார். மகன் பெயர் அவருக்கு மறந்திருந்தது. அந்தப் பதில் மறக்கவில்லை.

ஜெபமாலையை விரும்புகிறவர்களுக்கு ஒரு பத்து மணி மட்டும் சொல்லி, மீதியை அவர்கள் நேரத்துக்கு விட்டுவிடலாம். விரல் நடுங்குகிறவருக்குப் பெரிய மணி உள்ள ஜெபமாலை வாங்கிக் கொடுங்கள். கட்டில் கம்பியில் சுற்றி வைத்தால் கீழே விழாது.

கை செய்கிற செபம்

இந்தப் பகுதியில் கொஞ்சம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் நாம் அதிகம் தவறவிடுவது இதைத்தான்.

நோயாளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் பாதுகாவலர்களாக 1886-இல் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் இரண்டு பேரை அறிவித்தார். ஒருவர் ஸ்பெயினின் கிரனாடாவில் நோயாளிகளைத் தாங்கிய இறை யோவான். இன்னொருவர் இத்தாலியரான கமில்லஸ் தெ லெல்லிஸ். முன்னவர் இறந்த 1550-ஆம் ஆண்டிலேயே பின்னவர் பிறந்தார். கமில்லஸ் போர்வீரராக இருந்தவர், சூதாட்டத்தில் எல்லாவற்றையும் தோற்றவர். காலில் ஆறாத புண். அந்தப் புண்ணுக்காகத்தான் ரோமில் தீராத நோயாளிகளுக்கான புனித யாக்கோபு மருத்துவமனையில் போய்ச் சேர்ந்தார். அங்கே கூலிக்கு வேலை செய்தவர்கள் நோயாளிகளை நடத்திய விதம் அவர் மனத்தை அறுத்தது. ஒரு தாய் தன் ஒரே பிள்ளையை, அதுவும் நோயில் கிடக்கிற பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற மாதிரி பார்க்க வேண்டும் என்று தம் தோழர்களுக்கு விதி எழுதினார். அவர் தொடங்கிய சபையார் கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதலோடு நான்காவதாக ஒரு வார்த்தைப்பாடும் கொடுக்கிறார்கள். தன் உயிருக்கே ஆபத்து என்றாலும் நோயாளிகளுக்குப் பணி செய்வது. அங்கியில் சிவப்புச் சிலுவை அணியும் அனுமதி 1586-இல் கிடைத்தது. காலில் இருந்த புண் 1614-இல் அவர் இறக்கும்வரை ஆறவில்லை. கால் புண்ணோடு வார்டு முழுவதும் நடந்தவர் என்பதை நினைக்கும்போதெல்லாம் என் முட்டி வலி எனக்குச் சிறிதாகிவிடுகிறது. திருநாள் ஜூலை 14.

அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, நோயாளியின் உடம்பைப் பார்க்கும் விதத்தை. வீட்டார் சம்மதத்தோடு, சின்னச் சின்னதாகச் செய்யலாம்.

உதடு வறண்டு வெடித்திருந்தால், சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து மெதுவாக ஒற்றி எடுங்கள். இது எல்லோராலும் முடியும். ஆனால் பக்கவாதம் வந்தவருக்கு வீட்டாரைக் கேட்காமல் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள். விழுங்கும் திறன் பாதித்திருந்தால் தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். சாப்பாடு ஊட்டுவதாக இருந்தால் நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்து, சின்னக் கரண்டியால், ஒரு வாய் முழுவதும் இறங்கிய பிறகே அடுத்த வாய். இருமினால் நிறுத்துங்கள். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரமாவது படுக்க வைக்காமல் இருக்க வேண்டும்.

அசையவே முடியாமல் படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். வால் எலும்பு, இடுப்பு, குதிகால் இந்த இடங்களில் தோல் சிவந்திருக்கிறதா என்று வீட்டாரைப் பார்க்கச் சொல்லுங்கள். படுக்கைப்புண்ணின் தொடக்கம் அதுதான். சிவந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, பவுடர் கொட்டக் கூடாது, வேளாங்கண்ணி எண்ணெய் ஆனாலும் புண்மேல் ஊற்றக் கூடாது. நர்ஸிடம் காட்ட வேண்டும். திருத்தலத்திலிருந்து வந்த எண்ணெயை நம்பிக்கையோடு நெற்றியில் இட்டுக்கொள்ளட்டும், அதில் தவறே இல்லை. மாத்திரைக்குப் பதிலாக அதைக் குடிக்கக் கொடுக்கிற வீடு இருந்தால், உறவு கெடாமல், ஆனால் தெளிவாகத் தடுத்துச் சொல்லுங்கள்.

தமிழ்நாட்டில் இருப்பவர்கள், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைப் பற்றி வீட்டாருக்குச் சொல்லுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரை, இயன்முறைச் சிகிச்சை, வலி தணிப்புச் சிகிச்சை ஆகியவை வீட்டுக்கே வரும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிய வேண்டும். இதைச் சொல்லிப் பதிய வைப்பதும் ஒரு ஜெபமாலைக்குக் குறைந்ததில்லை என்பது என் எண்ணம்.

நன்மை கொண்டுபோகும் நாள்

பல பங்குகளில் முதல் வெள்ளிக்கிழமை நோயாளிகளுக்கு நற்கருணை போகும். சாமியாரோ, திருத்தொண்டரோ, அனுமதி பெற்ற நற்கருணைப் பணியாளரோ கொண்டுவருவார். பொதுநிலையினர் (குருக்களோ துறவிகளோ அல்லாதவர்கள்) இப்படிப் பணி செய்ய 1973-இல் திருத்தந்தை 6-ஆம் பவுல் விரிவான வழி செய்தார். நீங்கள் துணைக்குப் போகிறவர் என்றால், ஏற்பாடு உங்கள் வேலை.

கட்டிலருகே சின்ன மேசை, அதன்மேல் வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவம்), மெழுகுவர்த்தி, ஒரு தம்ளர் தண்ணீர், ஒரு கரண்டி. இவ்வளவுதான் தேவை. அறையில் ஆக்ஸிஜன் சிலிண்டரோ ஆக்ஸிஜன் இயந்திரமோ இருந்தால் மெழுகுவர்த்தி ஏற்றவே கூடாது, தீக்குச்சியும் கூடாது. மாதா படத்துக்கு முன்னால் எரிகிற விளக்கையும் வேறு அறைக்கு மாற்றுங்கள். டிவியை அணைக்கச் சொல்லுங்கள்.

நற்கருணைச் சிமிழோடு வருகிறவர் வழியில் கடைக்கோ வேறு வேலைக்கோ போகக் கூடாது. அவரோடு நடக்கும்போது நாமும் ஊர்க்கதை பேசாமல் வருவது நல்லது.

நன்மை வாங்கும் முன் ஒரு மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும் என்ற ஒழுங்கு நோயாளிகளையும் முதியவர்களையும் கட்டுப்படுத்தாது. அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இதே சலுகை உண்டு. “காலையில மாத்திரைக்காக இட்லி சாப்பிட்டுட்டேன், நன்மை வாங்க முடியாதே” என்று கலங்குகிற அம்மாக்கள் எத்தனையோ பேர். முதல் நாளே சொல்லிவிடுங்கள். விழுங்கச் சிரமப்படுகிறவருக்குச் சிறு துணுக்குப் போதும், பின்னாலேயே ஒரு கரண்டி தண்ணீர். அப்பத்தை விழுங்கவே முடியாது என்றால் சாமியாரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அப்படிப்பட்டவருக்குத் திராட்சை இரச வடிவில் திருஇரத்தம் மட்டும் கொடுக்கவும் திருச்சபைச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

நோயில்பூசுதல்: தள்ளிப்போடாதீர்கள்

நோயாளிக்குக் குருவானவர் எண்ணெய் பூசி செபிக்கும் இந்த அருளடையாளத்தை நம் பெரியவர்கள் அவஸ்தைப்பூசுதல் என்றார்கள். அந்தப் பெயரே பயத்தைக் கொண்டுவந்துவிட்டது. சாமியார் எண்ணெயோடு தெருவில் வந்தால் அந்த வீட்டில் யாரோ போகப்போகிறார்கள் என்று அர்த்தம். அதனாலேயே, “இப்போ சாமியாரைக் கூப்பிட்டா அப்பா பயந்துடுவார்” என்று தள்ளிப்போட்டு, மூச்சு நின்ற பிறகு ஓடி வருகிற வீடுகள் உண்டு. இறந்தவருக்கு இந்த அருளடையாளம் கொடுப்பதில்லை. அவருக்காக செபிக்கத்தான் முடியும்.

1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாகச் சொன்னது. இது சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு மட்டுமானது இல்லை. நோயாலோ முதுமையாலோ ஆபத்து தொடங்கும்போதே இதைப் பெறத் தகுந்த காலம் வந்துவிட்டது. பெரிய ஆபரேஷனுக்கு முன் பெறலாம். தனியாக ஒரு நோய் இல்லாவிட்டாலும் மிகவும் தளர்ந்துபோன முதியவர் பெறலாம். குணமாகி மறுபடி நோயுற்றாலோ, அதே நோய் முற்றினாலோ திரும்பவும் பெறலாம். நினைவில்லாமல் இருப்பவருக்கும், நினைவிருந்தால் கேட்டிருப்பார் என்றால் கொடுக்கலாம். ஆனால் நினைவோடு இருக்கும்போது பெற்றால் பாவசங்கீர்த்தனமும் செய்யலாம், செபத்துக்குப் பதிலும் சொல்லலாம். குருவானவர் மட்டுமே கொடுக்க முடியும். நெற்றியிலும் இரு உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசுவார். அது புனித வாரத்தையொட்டி ஆயர் மந்திரித்த எண்ணெய். வீட்டார் எல்லோரும் சுற்றி நிற்கலாம், நிற்க வேண்டும்.

வீட்டாரிடம் இப்படித் தொடங்குங்கள். “சாமியார் வந்து நோயாளிக்கு பலம் கேட்டு எண்ணெய் பூசி செபிப்பார். யாக்கோபு நிருபத்தில் சொன்னபடி. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாலேயே செய்யலாமே.” உங்கள் குரலில் பயம் இல்லாவிட்டால் அவர்களுக்கும் பயம் குறையும்.

வேதனையை ஒப்புக்கொடுப்பது பற்றி

மிக மென்மையாகக் கையாள வேண்டிய இடம் இது.

கிறிஸ்துவின் வேதனையோடு நம் வேதனையைச் சேர்த்துப் பிறருக்காக ஒப்புக்கொடுக்கலாம் என்பது நம் விசுவாசத்தின் பெரிய பொக்கிஷம். கொலோசையருக்கு எழுதும்போது பவுல், தன் உடலில் படும் துன்பத்தைத் திருச்சபைக்காகப் படுவதாகச் சொல்கிறார். துப்பாக்கிக் குண்டு பட்டுப் பிழைத்து மூன்று வருடம் கழித்து, 1984-இல் திருத்தந்தை 2-ஆம் ஜான் பால் துன்பத்தைப் பற்றி எழுதிய திருத்தூது மடலின் முடிவுப் பகுதியில் இரண்டையும் சேர்த்தே சொன்னார். தன் துன்பத்தால் நன்மை செய்யவும், துன்புறுவோருக்கு நன்மை செய்யவும் கிறிஸ்து கற்றுத்தந்தார் என்று. ஒன்று கட்டிலில் இருப்பவருடையது. மற்றது ஸ்டூலில் இருப்பவருடையது. ஸ்டூலில் இருக்கிற நாம் முதலாவதைப் பிரசங்கம் செய்து இரண்டாவதை மறந்துவிடக் கூடாது.

வலி மருந்து வேண்டாம், ஒப்புக்கொடுக்கிறேன் என்று யாராவது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால், திருச்சபை அப்படிக் கேட்கவில்லை என்று சொல்லுங்கள். வலியைக் குறைக்க மார்பின் போன்ற மருந்துகளைப் பயன்படுத்தலாம் என்று 1957-லேயே திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் டாக்டர்களிடம் விளக்கியிருக்கிறார். வலி குறைந்தால்தான் பலருக்கு செபிக்கவே முடியும்.

குழந்தை இயேசுவின் புனித தெரேசா 24 வயதில், 1897-இல் காசநோயில் இறந்தார். கொடிய வலியில் இருக்கும் நோயாளியின் கைக்கெட்டும் இடத்தில் விஷத்தன்மையுள்ள மருந்தை வைக்காதீர்கள் என்று, கடைசி மாதங்களில் தன்னைப் பார்த்துக்கொண்ட சகோதரிகளை எச்சரித்தார். புனிதைக்கே அப்படிப்பட்ட இருட்டு வந்தது. உங்கள் நோயாளி, “போதும், என்னைக் கொண்டுபோயிடட்டும்” என்று சொன்னால் விசுவாசக் குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கையைப் பிடித்துக்கொண்டு கேளுங்கள். தன்னைத்தானே முடித்துக்கொள்ளும் எண்ணம் போலத் தெரிந்தால், ரகசியம் காக்க வேண்டாம். அன்றைக்கே வீட்டாரிடமும் டாக்டரிடமும் சொல்லுங்கள்.

ஒப்புக்கொடுத்தலை எப்படிப் பேச்சில் கொண்டுவருவது? நான் செய்வது ஒன்றே ஒன்று. அவர்களிடம் செப உதவி கேட்பேன். “பாட்டி, என் மச்சான் பொண்ணுக்குப் பரீட்சை. கொஞ்சம் வேண்டிக்கோங்க.” எல்லோரும் தனக்காக வேண்டுகிற இடத்தில், தன்னிடம் ஒருவர் வேண்டுதல் கேட்டு வருவது முகத்தையே மாற்றிவிடும். ஒரு பாட்டி தலையணைக்கு அடியில் துண்டுச்சீட்டுகள் வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், பேரன் எழுதிக் கொடுத்தது. ராத்திரி வலி வந்து தூக்கம் போனால் ஒரு சீட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார். “இன்னைக்கு ராத்திரி உன் மச்சான் பொண்ணுக்கு” என்பார். யாரும் அவருக்குப் போதிக்கவில்லை.

பார்த்துக்கொள்கிறவரைப் பாருங்கள்

எழுந்து வரும்போது அடுக்களைக்குப் போங்கள். அங்கே நிற்கிற மகளோ மருமகளோ மனைவியோ கடைசியாக எப்போது முழு இரவு தூங்கினார் என்று கேளுங்கள். “ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மணி நேரம் நான் இருக்கேன், நீங்க பூசைக்குப் போயிட்டு வாங்க” என்று சொல்லுங்கள். பூசைக்குத்தான் போக வேண்டும் என்றுகூட இல்லை, தூங்கட்டும். நல்ல சமாரியர் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் காயத்தைக் கட்டியதோடு நிற்கவில்லை, சாவடிக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றார். பார்த்துக்கொள்கிறவருக்கும் அவர் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போனார்.

அந்த வீட்டில் பார்த்ததும் கேட்டதும் அந்த வீட்டோடு இருக்கட்டும். அன்பியக் கூட்டத்தில் “அவங்களுக்காக வேண்டிக்குவோம்” என்ற பெயரில் வியாதியின் விவரத்தைச் சொல்வதும் புறணிதான். பக்கத்து வீட்டு இந்து, முஸ்லிம் நோயாளிகளையும் போய்ப் பாருங்கள். அவர்களாகக் கேட்டால் ஒழிய செபத்தைத் திணிக்காதீர்கள். உதடு நனைக்கிற துணிக்கு மதம் தேவைப்படாது.

கடைசி நேரம் நெருங்கினால்

மூச்சு இடைவெளி விட்டு வரும், கைகால் குளிரும். உடனே சாமியாருக்குச் சொல்லுங்கள். விழுங்க முடிகிறவருக்கு வழியுணவாக, அதாவது கடைசிப் பயணத்துக்கான உணவாக, நற்கருணை கொடுப்பார். கூட்டத்தைக் குறையுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். பதில் இல்லாவிட்டாலும் காது கேட்கக்கூடும் என்றே நடந்துகொள்ள வேண்டும். கட்டிலருகே நின்று அடக்கச் செலவு பேசுவதைத் தடுத்துவிடுங்கள். பாடுபட்ட சுரூபத்தைக் கையில் வையுங்கள். காதருகே குனிந்து, “இயேசு, மரி, சூசை” என்று மெதுவாக, மூச்சுக்கு ஒருமுறை சொல்லுங்கள். நல்ல மரணத்துக்குப் பாதுகாவலர் சூசையப்பர், இயேசுவும் மாதாவும் பக்கத்தில் இருக்க இறந்தவர் என்று நம்புகிறோம். நீளமான செபங்கள் வேண்டாம். இடையிடையே உதட்டை நனையுங்கள்.

கிளம்பும்போது

“அப்புறம் வர்றேன்” என்று சொல்லிவிட்டு வராதீர்கள். நாளைச் சொல்லுங்கள். மாதத்துக்கு இரண்டு வீடுதான் முடியும் என்றால் இரண்டே போதும், அந்த இரண்டுக்கும் தவறாமல் போக வேண்டும். பிப்ரவரி 11, லூர்து மாதா திருநாள், உலக நோயாளர் நாளாக 1993 முதல் கொண்டாடப்படுகிறது. அன்றைக்குக் கோயிலில் நோயாளிகளுக்கென்று திருப்பலி இருக்கும், வண்டி வைத்து அழைத்து வருவார்கள், பழம் கொடுப்பார்கள். நல்லதுதான். பிப்ரவரி 12-ஆம் தேதியும் அவர்கள் அதே கட்டிலில்தான் இருப்பார்கள்.

நான் சொன்ன துண்டுச்சீட்டுப் பாட்டி வீட்டில் சுவரில் பங்குக் காலண்டர் தொங்கும். நான் அடுத்த நாளைச் சொன்னதும் பேரனைக் கூப்பிட்டு, அந்தத் தேதியில் பென்சிலால் வட்டம் போடச் சொல்வார். கட்டிலிலிருந்து தெரிகிற மாதிரி கொஞ்சம் பெரிய வட்டமாக.